மாருதி 800-க்கு முதன்முறையாக எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அப்பா வாங்கிய மாருதி 800-க்கு நானும் என் மச்சானும் சேர்ந்து எஞ்சின் மாற்றிய நாளிலிருந்து, அதே வேலையில் இறங்க நினைக்கும் பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சொல்வது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) மாடலைப் பற்றி. முதல் முறை கை வைக்க அதைவிட நல்ல கார் கிடையாது. எஞ்சின் சின்னது, ஒயர் குறைவு, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் சாமான் கிடைக்கிறது.

எஞ்சினை மாற்றுவதா, இருப்பதையே ரீபோர் செய்வதா?

புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்பதற்காக மட்டும் எஞ்சினை மாற்ற வேண்டாம். அது ரிங், பிஸ்டன், வால்வு வேலை. லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் உங்கள் எஞ்சினே பல வருஷம் ஓடும். ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பரும் மாறாது. அந்த ஒரு காரணத்துக்காகவே ரீபோரை முதலில் யோசியுங்கள் என்பேன்.

பிளாக்கில் வெடிப்பு விழுந்துவிட்டது, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இனிமேல் தேய்க்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்றால் மாற்றுவதுதான் வழி. தண்ணீர் இல்லாமல் ஓட்டி, சூடேறி ஜாம் ஆன எஞ்சினுக்கு உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி லேத்காரரிடம் காட்டுங்கள். ஹெட் மட்டும் வளைந்திருந்தால் அதை மட்டம் தட்டியோ மாற்றியோ மீட்டுவிடலாம்.

ஆம்னி எஞ்சினும் 800 எஞ்சினும் ஒன்றுதானே? அதை வாங்கி மாட்டலாமா?

குடும்பம் ஒன்றுதான். இரண்டும் எஃப்8பி: மூன்று சிலிண்டர், 796 சி.சி., போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஆனால் 800-இல் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் நெடுக்காக இருந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. அதனால் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் பிடி) வரும் இடம், ஆயில் சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), மேனிஃபோல்டு (காற்றும் புகையும் போகும் கிளைக்குழாய்), குழாய்கள் திரும்பும் திசை என்று வெளியே தொங்கும் சாமான்கள் மாறும். உங்கள் பழைய எஞ்சினிலிருந்து அதையெல்லாம் கழற்றி மாற்றும் அனுபவம் உள்ள மெக்கானிக் செய்வார். முதல் முறை செய்கிற நீங்கள் 800-இல் இருந்து இறங்கிய எஞ்சினையே தேடுங்கள்.

ஆல்ட்டோ எஞ்சின்?

அதுவும் 796 சி.சி. தான், ஆனால் சிலிண்டருக்கு 4 வால்வு வைத்த எஃப்8டி. 2000-இல் ஆல்ட்டோவோடு வந்தது. கார்புரேட்டர் கிடையாது, எம்.பி.எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. அதை ஓட வைக்க கம்ப்யூட்டர், முழு ஒயரிங், சென்சார்கள், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினுக்கோ, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தள்ளுகிற சின்ன பம்ப் ஒன்றே போதும். முதல் முறைக்கு ஆல்ட்டோ எஞ்சின் வேண்டவே வேண்டாம். 800-இலேயே 2000-க்குப் பிறகு எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. ஆகவே '800 எஞ்சின்' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள், கார்புரேட்டரா இல்லையா என்பதையும் கேளுங்கள்.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிய எஞ்சினாகப் போட்டால் என்ன?

சட்டம் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை வைத்து, பதிவு அதிகாரியிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்வது வேறு விஷயம்.

சட்டத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். 800-இன் பிரேக், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் 40 குதிரைத் திறனுக்கும் குறைவான எஞ்சினுக்கும் அந்த லேசான உடம்புக்கும் கணக்குப் போட்டு வைத்தவை. எஞ்சின் மட்டும் பெரிதானால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரும் கார் இது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன செய்ய வேண்டும்?

வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய்வாருங்கள். எந்தப் படிவம், என்ன கட்டணம், எஞ்சினை மாட்டும் முன் காட்ட வேண்டுமா பின் காட்டினால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கிவிட்டு மாற்றுவதுதான் நேர்வழி. முன்கூட்டி வாங்காமல் மாற்றிவிட்டால், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், எஞ்சின் வாங்கிய பில் எல்லாம் கையில் இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவார்.

இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டி நேரில் போய் நிற்கும், நம்பரும் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் எஞ்சின் நம்பர் இருக்கிறது. ஆர்.சி. மாறியதும் அந்தக் கம்பெனிக்கு எழுதி பாலிசியிலும் மாற்றி வாங்குங்கள். ஒரு விபத்து நடந்து, நம்பர் பொருந்தவில்லை என்று பணம் நின்றுபோனால் எஞ்சினில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு போய்விடும்.

பழைய எஞ்சினை எப்படிப் பார்த்து வாங்குவது?

சென்னையில் புதுப்பேட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஊர்களிலும் பழைய வண்டி உடைக்கும் கடைகள் உண்டு. எங்கே வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரை. தேய்த்த தடம், மேலே புதிதாக அடித்த தடம், எழுத்துகள் வரிசை பிசகி நிற்பது, இதில் எது இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அந்த எஞ்சின் இறங்கிய வண்டியின் ஆர்.சி. நகல் கேளுங்கள். அதில் இருக்கும் நம்பரும் பிளாக்கில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் நம்பரை எழுதி, கடை முத்திரையோடு பில் வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுக்கான எஞ்சின் இல்லை. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அடுத்து எஞ்சினின் உடம்பு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்தும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். கருப்பாக இருப்பது தப்பில்லை, மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே நிறத்தில், லேசான பழுப்பில் இருந்தால் சந்தோஷப்படலாம். ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் விஷயம் இருக்கிறது.

பிளக் இல்லாத நிலையில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே இறுக்கத்தில், எங்கும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். புல்லியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், கையில் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது.

முடிந்தால், இன்னும் வண்டியிலேயே இருக்கும் எஞ்சினை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கம்ப்ரெஷன் கேஜ் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரையும் ஸ்டார்ட்டரில் சுழற்றி அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கடைக்காரர் சொல்லும் கிலோமீட்டரை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

எவ்வளவு செலவாகும்?

விலை ஊருக்கு ஊர், எஞ்சினுக்கு எஞ்சின் மாறுகிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: எஞ்சின் விலையில் குறைந்தது பாதியளவு பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கிளட்ச், பெல்ட், சீல், ஹோஸ், ஆயில், கூலன்ட் என்று அது கரைந்துவிடும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் எஞ்சினுக்கே கொடுத்துவிட்டு, பழைய கிளட்ச் பிளேட்டையே திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்து மனம் பதறும். ஆறு மாதத்தில் அதே எஞ்சினை மறுபடி இறக்குவார்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?

ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நல்ல ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளையர், சுத்தியல், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்). 10, 12, 14, 17 நம்பர்கள் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும். செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி), ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, ஆயில் பிடிக்க அகலமான தட்டு. டார்க் ரெஞ்சை இரவல் வாங்கினால் அதில் எந்த அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய சர்வீஸ் மேனுவலில் கிலோகிராம்-மீட்டரில் இருக்கும், ரெஞ்சில் நியூட்டன்-மீட்டரில் இருக்கும். ஒரு கிலோகிராம்-மீட்டர் சுமார் 9.8 நியூட்டன்-மீட்டருக்குச் சமம். இதைக் குழப்பிக்கொண்டு அலுமினியத்தில் மரை பிய்த்தவர்கள் உண்டு.

பட்டறையில் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். நீங்கள் இரண்டு பேராக நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலைக்குள் முடித்துத் திங்கள் வேலைக்கு அதே காரில் போக வேண்டும் என்ற நிலையில் தொடங்கவே தொடங்காதீர்கள். அவசரப்படும் கைதான் போல்ட்டை முறிக்கும்.

எந்த வரிசையில் கழற்றுவது?

முதலில் செல்போனை எடுத்துப் படம் பிடியுங்கள். மேலிருந்து, இடது, வலது, அடியிலிருந்து, ஒவ்வொரு ஹோஸும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்படி. பிறகு பேப்பர் டேப்பில் எண் எழுதி, ஒயரின் ஒரு முனையிலும் அது மாட்டியிருந்த இடத்திலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டக் கூடாது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு 'ஸ்டார்ட்டர்', 'மவுண்டிங் இடது' என்று எழுதி வையுங்கள். நீளம் மட்டும் மாறும் போல்ட்டுகள் இருக்கின்றன. நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டு முறுக்கினால் உள்ளே போய் எதையாவது குத்தும்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது. இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

பேட்டரியின் மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடியுங்கள். பானட்டைக் கழற்றிப் பாயில் சுற்றி ஓரமாக வையுங்கள். ஏர் ஃபில்டர், ரேடியேட்டர், அதன் மின்விசிறி. பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அதன் வாயை போல்ட் வைத்து அடைத்துவிடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது. ஆக்சிலரேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சென்சார், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒயர்கள். சைலன்சர் குழாயின் போல்ட்டுகள் துருப்பிடித்து அடம்பிடிக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் கைக்கு வரும். அடியில் கியர் ராடுகள், பிறகு பக்கத்துக்கு ஒன்றாக டிரைவ் ஷாஃப்டுகள். கடைசியாக மவுண்டிங்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாக எடுங்கள். வெளியே வந்தபின் பிரிப்பது எளிது. மேலே தூக்கித்தான் எடுக்கிறோம் என்றாலும் பட்டறையில் இதற்கு 'எஞ்சின் இறக்குறது' என்றுதான் பெயர்.

செயின் பிளாக்கை எதில் தொங்கவிடுவது? வேப்பமரக் கிளை தாங்குமா?

மரக்கிளையில் கட்டி இறக்கிய பட்டறைகளை நானும் பார்த்திருக்கிறேன். தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத இடத்தில் எஞ்சினைத் தொங்கவிட வேண்டாம். வீட்டு போர்டிகோவின் சீலிங் கொக்கியும் அப்படித்தான், அது ஊஞ்சலுக்கு வைத்ததா ஃபேனுக்கு வைத்ததா என்று தெரியாது. கனமான இரும்புக் குழாய் முக்காலியை நாள் வாடகைக்கு எடுக்கலாம். மூன்று கால்களும் விரிந்துவிடாதபடி அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள். எஞ்சினில் தூக்குவதற்கென்றே உள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும், மேனிஃபோல்டிலோ ஆல்டர்னேட்டரிலோ கயிறு போடக் கூடாது.

ஒரு அடி தூக்கியதும் நிறுத்திச் சுற்றிலும் பாருங்கள். கழற்ற மறந்த ஒயர் ஒன்றாவது இழுபட்டுக்கொண்டிருக்கும். தூக்கி முடித்ததும் காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும், தொங்கும் எஞ்சினை இழுத்து ஆட்டக் கூடாது. அதற்காகக் காரை அப்போதே ஸ்டாண்டிலிருந்து மெதுவாக இறக்கி, சக்கரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது வேறு என்ன மாற்றிவிடலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடியாகப் படுகிறது. எஞ்சின் தரையில் இருக்கும் அந்த இரண்டு நாளில் கைக்கு எட்டும் இடங்கள், அது உள்ளே போனபிறகு எட்டவே எட்டாது.

கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ரப்பர் வளையம். அது கசிந்தால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் இறங்கி வழுக்கும். உள்ளே இருக்கும்போது அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இப்போது பத்து நிமிட வேலை. முன்பக்க கிராங்க் சீல், கேம் ஷாஃப்ட் சீல், கியர்பாக்ஸில் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு சீல்களும் அப்படியே.

கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். வாங்கிய எஞ்சினில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதை யாரும் சொல்லப் போவதில்லை. பெல்ட் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம், டென்ஷனர் பேரிங்கும் சேர்த்து வாங்குங்கள். கேம், கிராங்க் இரண்டின் குறியையும் நேராக நிறுத்திப் பெல்ட்டைப் போட்டபின், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேர் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும் வட்டமான தகட்டு டம்மிகளைத் தட்டிப் பாருங்கள். கூலன்ட் ஊற்றாமல் வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் அவை துருவேறிக் காகிதம்போல் ஆகியிருக்கும். டிரைவர் பக்கச் சுவரைப் பார்த்து இருக்கும் டம்மி கசிந்தால், எஞ்சின் உள்ளே இருக்கும்போது ஸ்பேனர்கூட நுழையாது.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாகவே புதிது. மவுண்டிங் ரப்பர்கள். ஆயில் சம்பைக் கழற்றி அடியில் படிந்திருக்கும் சேற்றைக் கழுவி, ஆயில் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யுங்கள். டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) சரிபாருங்கள். காலியாக இருக்கும் எஞ்சின் அறையையும் கழுவித் துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடுங்கள். பேட்டரி இருக்கும் தட்டுக்குக் கீழேதான் 800 முதலில் அரிக்கும்.

கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர மாட்டேன் என்கிறது. போல்ட் போட்டு இழுத்து இறுக்கலாமா?

கூடாது. கியர்பாக்ஸ் உறை அலுமினியம், அப்படி இழுத்தால் உறையில் போல்ட் நுழையும் காது உடையும். கிளட்ச் பிளேட் நடுவில் நிற்கவில்லை என்று அர்த்தம். பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, பழைய கியர் ஷாஃப்ட் துண்டு ஒன்றையோ அதே தடிமனில் கடைந்த கட்டையையோ நடுவில் விட்டுப் பிளேட்டை மையப்படுத்தி மறுபடி இறுக்குங்கள். பிளேட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றும் ஒரு முறை பாருங்கள். பிறகு கியர்பாக்ஸை மட்டமாகப் பிடித்து, ஒருவர் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் 'டக்' என்று போய் உட்காரும். இரண்டு முகமும் ஒட்டிய பிறகுதான் போல்ட். இடம் காட்டும் சின்ன பின்கள் பழைய எஞ்சினிலேயே தங்கிப்போயிருக்கும், எடுத்துப் புதியதில் போட மறக்காதீர்கள்.

முதல் முறை செய்பவர்கள் எதை அதிகம் மறக்கிறார்கள்?

எர்த் பட்டையை. நானும் அதைத்தான் மறந்தேன். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை அது. எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரன்ட்டும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை இல்லாதபோது கரன்ட் வேறு வழி தேடும். எங்கள் காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகியது, கிளட்ச் கேபிளிலிருந்து புகை வந்தது. மச்சான் ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். புது கேபிளின் உறை உருகிப்போயிருந்தது. பட்டையை மாட்டும்போது அது உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட். முனையில் இருக்கும் வளையம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும், கையால் இழுத்தால் வரக் கூடாது. பாதியில் நின்றால் கியர் ஆயில் ஒழுகும். அந்தக் கியர் ஆயிலை ஊற்றவே மறப்பவர்களும் உண்டு.

முதல் ஸ்டார்ட் எப்படி?

உடனே சாவியைத் திருப்பிவிட வேண்டாம். பல நாள் கிடந்த எஞ்சினில் பேரிங்குகள் காய்ந்திருக்கும். டிப்ஸ்டிக் குறிவரை ஆயில் ஊற்றி, புது ஆயில் ஃபில்டர் போட்டு, மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்து விநாடி சுழற்றி, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி சுழற்றுங்கள். டேஷ்போர்டில் எரியும் ஆயில் விளக்கு அணையும்வரை இப்படிச் செய்த பிறகு பிளக்குகளை மாட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பானோ ஒரு வாளி மணலோ இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் பார்க்க வேண்டியது ஆயில் விளக்கை. சில விநாடிகளில் அணையாவிட்டால் நிறுத்துங்கள். அணைந்தால், ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் வந்து தண்ணீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டிருங்கள். தண்ணீர் நிலைத்ததும் மூடியைப் போடுங்கள். தானாக மின்விசிறி ஓடத் தொடங்கும்வரை விட்டுப் போகக் கூடாது. டார்ச் அடித்து அடியில் கசிவு பாருங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

பிளக் ஒயர் வரிசையைப் பாருங்கள். இந்த எஞ்சினின் பற்றும் வரிசை 1-3-2. அது சரி என்றால், ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சினின் உடம்பில் ஒட்டிவைத்துப் பொறி வருகிறதா பாருங்கள். பெட்ரோல் குழாய் வாயைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பொறி வந்தால் பெட்ரோல் வருகிறதா என்பது அடுத்தது: காலியான கார்புரேட்டருக்கு பம்ப் ஏற்றித்தர நேரம் எடுக்கும். 'டப்' என்று கார்புரேட்டர் வழியே வெடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) தப்பாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் குறி தள்ளியிருக்கிறது.

ஓடுகிறது, ஆனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) கார் முழுக்க உதறுகிறது.

மூன்று சிலிண்டர் எஞ்சின் கொஞ்சம் உதறத்தான் செய்யும். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாத அளவுக்கு உதறினால் மவுண்டிங்கைப் பாருங்கள். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு அதுவாக ஒரு நிலைக்கு வந்தபின், நிறுத்தி இறுக்கினால் பாதி உதறல் போய்விடும். ஐடில் ஏறி இறங்கினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ வேக்குவம் ஹோஸிலோ காற்று புகுகிறது.

முதல் சில நூறு கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது?

முதல் நாள் ஊருக்குள் மட்டும். திரும்பி வந்து ஆறியதும் ஆயில், தண்ணீர், கியர் ஆயில் மட்டம் மூன்றையும் பாருங்கள். மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் பக்கம், சைலன்சர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவேன், ஆயில் சுத்தமாகத் தெரிந்தாலும். உள்ளே கிடந்த பழைய அழுக்கு அதில்தான் கழுவிக்கொண்டு வரும்.

இறக்கிய பழைய எஞ்சினை என்ன செய்வது?

ஆர்.சி.யில் புது நம்பர் ஏறும்வரை விற்காதீர்கள். அதற்குள் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் நான்கையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவிப் பரணில் போட்டு வையுங்கள். என்றைக்காவது கேட்கும். வெறும் பிளாக்கை விற்கும்போது நீங்களும் நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில் இருந்த நம்பர் அது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.